அளந்தவர் அடியில் நிற்க வேண்டும்

என் அண்ணி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் எடையில் ஏமாற்றினால்கூட "பரவாயில்ல, விடு" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆளைப் பழிவாங்குவதற்காக ஒன்பது வருஷம் சாரம் ஏறினார். அவர் அதைப் பழி என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்வேன். நாத்தனார் எனக்கு வாய் நீளம்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரு காகித ஆலையில். மரத்துண்டுகளைக் கொதிக்கிற காரநீரில் வேகவைத்துக் கூழாக்குவார்கள். அந்தக் காரநீர் கட்டடத்துக்குக் கட்டடம் இரும்புக் குழாய்களில் ஓடும். வெளியே பார்த்தால் குழாய் கல்லுக்குண்டாக இருக்கும். உள்ளே காரம் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். நேராக ஓடும் இடத்தில் மெதுவாகத் தின்னும். குழாய் வளைகிற இடத்தில் ஓடி வரும் வேகத்தோடு மோதுவதால், வளைவின் வெளிப்பக்கத்தைச் சீக்கிரம் தின்னும். குழாயை அறுக்காமல், ஓட்டை போடாமல், வெளியில் இருந்தபடியே எவ்வளவு இரும்பு மிச்சம் என்று அளந்து சொல்வதுதான் அண்ணியின் வேலை. கையடக்கமான ஒரு மீட்டர், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் பொத்தான் அளவு ப்ரோப். பெயின்டைச் சுரண்டி, கொஞ்சம் பசை தடவி, ப்ரோப்பை அழுத்தினால் ஒலி இரும்புக்குள் போய் உள்சுவரில் பட்டுத் திரும்பும். போய்வர எடுத்த நேரத்தை வைத்து மீட்டர் இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும்.

நான் பெர்மிட் அறையில் இருக்கிறேன். எந்தக் குழாயில் யார் கை வைப்பதானாலும் என் மேஜைக்கு வந்து சீட்டு வாங்கியாக வேண்டும். பெரிய பெரிய அதிகாரிகள்கூட என் முன்னால் நின்று பேனா கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

என் அண்ணன் இதே ஆலையில் ஃபிட்டராக இருந்தான். பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை ஷிஃப்டில், அவன் தலைக்கு மேலே இருந்த குழாய் வளைவு ஒன்று வாய் பிளந்தது. கொதிக்கிற காரம் தோளிலும் முதுகிலும் கொட்டியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வலிக்கு மருந்து ஏற்றியும் பல்லைக் கடித்துக் கடித்து ஒரு பல் உடைந்துபோனது. பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டான்.

அந்த வளைவை மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அளந்திருந்தார்கள். ரிஜிஸ்டரில் எட்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்று இருந்தது. அதற்கு முந்தின வருஷம் எட்டு புள்ளி மூன்று. அதற்கும் முந்தின வருஷம் எட்டு புள்ளி நான்கு. எவ்வளவு ஒழுக்கமான குழாய் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு புள்ளி மட்டும் தேய்கிறது! கிழிந்த வளைவின் ஓரத்தை அண்ணி பார்த்திருக்கிறார். தகர டப்பா மூடியின் தடிமன்தான் இருந்ததாம்.

மூன்று வருஷமும் அந்த எண்களுக்குக் கீழே ஒரே கையெழுத்துதான். அப்போது ஆய்வுப் பிரிவு இன்ஜினியர், இப்போது பராமரிப்புத் துறைக்கே தலைவர். தொழிலாளர்கள் வைத்த பெயர் இஸ்திரி. எல்லோரும் எண்ணெயும் கரியுமாகத் திரியும் இடத்தில் இவன் சட்டை மட்டும் காலையில் தேய்த்த மடிப்போடு சாயங்காலம் வீட்டுக்குப் போகும். நேரில் சார் சார் என்று கூப்பிட்டுக் களைத்த வாய் இது. இங்கே அவன் இவன் என்றுதான் எழுதுவேன்.

அவன் சாரம் ஏறவில்லை, மேஜையில் உட்கார்ந்து போன வருஷத்து எண்ணில் ஒரு புள்ளியைக் கழித்து எழுதினான் என்று ஆலையில் எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. யாரிடமும் சாட்சி இல்லை. விசாரணைக் குழு இரும்பிலேயே கண்ணுக்குத் தெரியாத கோளாறு என்று எழுதிவிட்டது. அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். "ஃபிட்டர், தடைசெய்யப்பட்ட இடத்தில் கவனக்குறைவாக நின்றார்" என்று ஒரு வரியும் சேர்த்தது. என் அண்ணன் அங்கே நின்றது மேலே வால்வைப் பார்க்கச் சொல்லி இவன் அனுப்பியதால்தான்.

அந்த ஒரு வரி எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வருஷா வருஷம் எல்லோரும் கட்டாயம் உட்கார வேண்டிய பாதுகாப்பு வகுப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு படம் போடுவார்கள். ஒரு குழாய் வளைவு, அதற்குக் கீழே குச்சிக் கை குச்சிக் காலோடு ஒரு மனிதன், அவன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. "நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் என்ன ஆகும்?" என்று வகுப்பு எடுப்பவர் கேட்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அண்ணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தப் படத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நாற்காலியைத் தூக்கி அந்தத் திரையில் அடிக்க வேண்டும் போல இருக்கும்.

அண்ணன் போன பிறகு அண்ணிக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். ஒரு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஆய்வுப் பிரிவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இஸ்திரி சிரித்தான். "அம்மா, அது ஏணி ஏறுற வேலை" என்றான்.

"அப்படியா சார்? ஏறணுமா?" என்று கேட்டார் அண்ணி. அவன் முகம் ஒரு கணம் செத்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பரீட்சைகள் எழுதினார். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று புத்தகம் படிப்பார். மீட்டரை இரவல் வாங்கி வந்து, வீட்டில் இருந்த சைக்கிள் பம்ப், தண்ணீர்க் குழாய், கேஸ் அடுப்பின் கால் என்று ஒன்று விடாமல் அளந்து பார்த்தார். அண்ணனின் பழைய சம்மட்டியைக்கூட விடவில்லை. "உன் தலையையும் அளந்துடவா? எவ்வளவு கெட்டின்னு தெரிஞ்சுடும்" என்று என்னைக் கேலி செய்வார். தானே அளந்து கையெழுத்துப் போடத் தகுதி தரும் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வாங்கினார். அதன்பிறகு இந்த ஆலையில் அவர் கை படாத வளைவு கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் செத்த வருஷம் ஃபிட்டர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் முடிந்து ஒரு குழாயில் முதன்முதலாக அழுத்தம் ஏற்றும்போது, அதை அளந்து கையெழுத்துப் போட்டவர் அதற்கு அடியில் நிற்க வேண்டும். அழுத்தமானியின் முள் முழு அழுத்தத்துக்கு வரும்வரை நகரக் கூடாது. அவர் நின்று காட்டிய பிறகுதான் ஃபிட்டர்கள் அந்தப் பக்கம் போவார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. நிர்வாகம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது, ஃபிட்டர்கள் மசியவில்லை. ஒன்பது வருஷமாக அண்ணிதான் ஒவ்வொரு குழாய்க்கு அடியிலும் நிற்கிறார். "நான் அளந்தது, எனக்கென்ன பயம்?" என்பார். பயந்தது நான்தான்.

இந்த வருஷ ஷட்டவுனில் காரநீர் லைனில் ஒரு வளைவை அளந்துவிட்டு வந்தார். இரண்டு புள்ளி நான்கு. நான்குக்குக் கீழே போனால் மாற்றியே தீர வேண்டும். அறிக்கை எழுதிக் கொடுத்தார். புது வளைவு வந்து பொருத்த நான்கு நாள் ஆகும். ஆனால் மறுநாளுக்கு மறுநாள் முதலாளி வருகிறார், ஆலையை அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், இஸ்திரிக்குப் பொது மேலாளர் பதவி அன்றைக்குத்தான் அறிவிக்கப்படும் என்று பேச்சு. அவனுக்கு எங்கே பொறுக்கும்?

"உங்க மீட்டர் கோளாறு. நானே பாக்கறேன்" என்றான். நிஜமாகவே ஏறினான். மேலே போகும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை வேறு ஆளிடம் கொடுத்து, பூனைக்குட்டி போல ஏறினான். அலுவலகத்தில் இருந்த இன்னொரு மீட்டரை எடுத்துப் போயிருந்தான். வைத்து அழுத்தினான். நான்கு புள்ளி எட்டு. மூன்று இடத்தில் வைத்தான், மூன்றிலும் அப்படித்தான். இறங்கி வந்து அண்ணியின் எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் நான்கு புள்ளி எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அன்று மத்தியானம் என் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணி, நிஜமாவே உங்க மீட்டர்ல கோளாறா?" என்று கேட்டேன்.

"அவர் எடுத்துட்டுப் போனது பெரிய ப்ரோப். கெட்டியான இரும்புக்கு உள்ளது. மூணு மில்லிக்குக் கீழ போச்சுன்னா அதுக்குப் பிடிபடாது. முதல் எதிரொலியை விட்டுட்டு ரெண்டாவதைப் பிடிச்சுக்கும். இருக்கறதை அப்படியே ரெண்டு மடங்காக் காட்டும்."

ரெண்டு புள்ளி நாலு, ரெண்டு மடங்கு. கணக்கில் நான் மந்தம்தான், ஆனாலும் இது எனக்கு உடனே வந்தது.

"அவனுக்கு இது தெரியாதா?"

"படிச்சிருப்பார். அளந்து பாத்திருந்தாத்தானே ஞாபகம் இருக்கும்."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். "அண்ணி, அவன்தான் கையெழுத்துப் போட்டிருக்கான். அவன்தான் நிக்கணும்."

அண்ணி டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தார்.

"நீங்க எழுதிக் கொடுத்தீங்க. அவன் அடிச்சுட்டான். நம்ம கை சுத்தம். நீங்க எதுவும் பண்ண வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

"வாயை மூடு" என்றார் அண்ணி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை அன்று முழுக்க நான் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பதினோரு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவன் எத்தனை நாள் கிடப்பான் என்று யோசித்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த யோசனை எனக்கு இனித்தது.

முதலாளி வரும் நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலாளி, அவரோடு நான்கு பேர், போட்டோ எடுக்கிறவர், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அறுபது எழுபது தொழிலாளர்கள். பெர்மிட் சீட்டைக் கொடுக்க நானும் போயிருந்தேன். முதலில் சூடான தண்ணீரை முழு அழுத்தத்தில் விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு காரத்தை விடுவார்கள். அந்தத் தண்ணீரே ஆளை வேகவைத்துவிடும்.

இஸ்திரி தானாகவே போய் வளைவுக்கு நேர் அடியில் நின்றான். முதலாளி பார்க்க நிற்பதில் அவனுக்குப் பெருமைதான். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், கழுத்தில் மாட்டிய மீட்டர், முகத்தில் சிரிப்பு. தன் எண்ணை அவன் அவ்வளவு நம்பினான். அண்ணி மற்ற ஃபிட்டர்களோடு கோட்டுக்குப் பின்னால் நின்றார். தோளில் எப்போதும் போடுகிற பை.

முதலாளி கேட்டார்: "நீங்களே மேல ஏறி அளந்தீங்களாமே?"

"என்ன சார் பண்றது" என்று இஸ்திரி சிரித்தான். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் எந்தச் சாரத்துலயும் நான் கால் வச்சதில்ல. அதுக்கான அவசியமே வந்ததில்ல. இந்த அம்மாவுக்கு வந்த சந்தேகத்துக்கு, இந்த வயசுல என்னை ஏத்தி விட்டுட்டாங்க."

முதலாளி சிரித்தார். அவரோடு வந்த நான்கு பேரும் சிரித்தார்கள். கோட்டுக்குப் பின்னால் சிலர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

பெரிய ஃபிட்டர், என் அண்ணனோடு அன்று ஷிஃப்டில் இருந்தவர், ஓரடி முன்னால் வந்தார். "எந்தச் சாரத்துலயும் ஏறினதில்லையா சார்?"

"அதான் சொல்றேனே."

"அப்போ அந்த எட்டு புள்ளி ரெண்டை எங்க நின்னு அளந்தீங்க?"

இஸ்திரியின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது, எடுக்கத் தெரியவில்லை. "அது... அப்போ இருந்த ஆளுங்க அளந்தது" என்றான்.

"கையெழுத்து உங்களோடது சார். மூணு வருஷமும்."

முதலாளிக்கு விஷயம் புரியவில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். பேச்சை அறுக்க வேண்டும் என்று இஸ்திரி அவசரமாக வால்வுப் பக்கம் கையைக் காட்டினான். "நேரமாகுது, திறங்க" என்றான். சக்கரத்தில் இருந்த வால்வுக்காரரின் கை அசைந்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். கடவுளே, வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று வால்வுக்காரரிடம் சொன்னார் அண்ணி.

கோட்டைத் தாண்டி நேராக இஸ்திரியிடம் போனார். பையிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்தார். படிப்படியாக வெட்டிய துண்டு, இரண்டாம் படி இரண்டு மில்லிமீட்டர், ஐந்தாம் படி ஐந்து என்று ஒவ்வொரு படியிலும் அதன் தடிமன் செதுக்கி இருக்கும். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருப்பது.

"சார், உங்க மீட்டரை இதுல வச்சுப் பாருங்க. அஞ்சாம் படியில."

மறுக்க முடியாத நிலை, வைத்தான். ஐந்து காட்டியது. "சரியாத்தானே இருக்கு?" என்றான்.

"இப்போ ரெண்டாம் படியில வைங்க."

வைத்தான். நான்கு காட்டியது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான். நான்கு.

படித்தவன்தான், புரிந்துகொண்டான். மெல்லத் தலையைத் தூக்கி மேலே இருந்த வளைவைப் பார்த்தான். பிறகு ஓடினான். நடந்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஓடினான். ஃபைல் கீழே விழுந்தது, ஒரு செருப்பு கழன்றது. கோட்டுக்குப் பின்னால் வந்து, முதலாளிக்கும் பின்னால் போய் நின்றுகொண்டான். தண்ணீர்கூட இன்னும் திறக்கவில்லை.

அண்ணி மட்டும் வளைவுக்கு அடியில் நின்றார். அங்கிருந்தபடியே, வழக்கமான குரலில் கேட்டார்: "ஏன் சார் ஓடறீங்க? பத்து வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரரை இப்படி ஒரு வளைவுக்கு அடியில அனுப்பினீங்களே. அவருக்கு ஓடறதுக்கு யார் சொன்னாங்க?"

பெரிய ஃபிட்டர் அழுதுகொண்டிருந்தார்.

மிச்சமெல்லாம் காகித வேலை. வளைவை அறுத்து எடுத்தார்கள், மெல்லிய இடத்தில் இரண்டு புள்ளி மூன்றுதான் இருந்தது. பழைய விசாரணையைத் திரும்ப எடுத்தார்கள். அவன் சொன்னதைக் கேட்ட சாட்சி எழுபது பேர், அதில் ஒருவர் முதலாளி. அண்ணனைப் பற்றிய வரியை நீக்கி எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. வகுப்பில் அந்தப் படத்தை இப்போது போடுவதில்லை. இஸ்திரிக்குப் பதவி போய்விட்டது, வேலை போகவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம், அதுவரை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். தினமும் அந்த எழுபது பேரைத் தாண்டித்தான் உள்ளே போகிறான். யாராவது பின்னாலிருந்து "எட்டு புள்ளி ரெண்டு" என்று மெதுவாகச் சொல்வார்கள். அவன் திரும்பமாட்டான்.

எனக்கு அது போதவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போதே அண்ணியிடம் சண்டைக்குப் போனேன். "எதுக்காக அவனைக் காப்பாத்தினீங்க? என் அண்ணன் பட்டதை அவன் ஒரு நாளாவது பட்டிருக்க வேணாமா?"

"செத்திருந்தா அவனுக்கும் ஒரு படம் மாட்டி, கடமையில உயிரை விட்டார்னு பேசியிருப்பாங்க. இருக்கட்டும். நல்லா நூறு வயசு இருக்கட்டும். ஓடினது தினம் ஞாபகம் வரட்டும்" என்றார் அண்ணி. அவ்வளவு வெறுப்பை அந்தக் குரலில் நான் கேட்டதில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு நின்றார். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். ஏறினதே இல்லன்னு அவன் சொன்னானே, அந்த வார்த்தை வரலேன்னா நான் அந்த இரும்பைப் பையில இருந்து எடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியல. காலையில இருந்து கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டேதான் நின்னேன். எடுக்கல. அப்புறம் வால்வு அண்ணன் கை அசைஞ்சுது. சக்கரத்துக்கும் வளைவுக்கும் நாலே அடி. அவரும்ல வெந்திருப்பார்?"

அண்ணி முன்னால் நடந்தார். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

வால்வுக்காரருக்கு என் மேல் தனிப் பிரியம். தினமும் பெர்மிட் அறையைத் தாண்டும்போது "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்காமல் போகமாட்டார். அன்றைய பெர்மிட் சீட்டின் முதல் வரியில் இஸ்திரியின் பெயரை ரசித்து ரசித்து டைப் செய்த நான்தான், இரண்டாவது வரியில் வால்வைத் திறப்பவர் என்று அவர் பெயரையும் டைப் செய்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். இப்போதும் அவர் தினமும் கேட்கிறார். நான் சௌக்கியம் என்று சொல்கிறேன், தலையை நிமிர்த்தாமல்.